ஐஸ் ஸ்கேட்: மாட்டெலும்பிலிருந்து கீல் வைத்த பிளேடு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவுக்கு வந்து ஏழாவது குளிர்காலத்தில்தான் நான் முதன்முதலாக ஸ்கேட் கட்டினேன். மகளை ரிங்க் என்னும் ஐஸ் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் நானும் இறங்கிவிட்டேன். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. இந்தக் காலணி எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். நண்பர்களும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பனிச்சறுக்கும் ஐஸ் ஸ்கேட்டிங்கும் ஒன்றுதானா?

இல்லை. செய்திகளில் இரண்டையும் பனிச்சறுக்கு என்றே எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது. மலைச்சரிவில் பஞ்சு போலக் கிடக்கும் பனியின் மேல் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு இறங்குவது ஸ்கீயிங். குளமோ கால்வாயோ உறைந்து கெட்டிப்பட்ட ஐஸ் மேல், காலுக்கு அடியில் பிளேடு வைத்து ஓடுவது ஸ்கேட்டிங். இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவதைப் பற்றித்தான்.

உலகின் முதல் ஸ்கேட் எதனால் ஆனது?

எலும்பால். குதிரை, மாடு போன்ற விலங்குகளின் கால் எலும்பை எடுத்து, ஒரு பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்து, ஓட்டை போட்டு, தோல் வாரால் பாதத்தோடு கட்டிக்கொண்டார்கள். ஸ்காண்டிநேவியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இப்படிப்பட்ட எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையவற்றுக்கு ஏறக்குறைய 4000 வயது. வைக்கிங்குகள் வாழ்ந்த ஸ்வீடனின் பிர்காவிலும் இங்கிலாந்தின் யார்க்கிலும் தோண்டிய இடங்களில் இவை நிறையவே வந்தன. அருங்காட்சியகத்தில் பார்த்தால் சமையலறையில் மிச்சமான எலும்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் அடிப்பக்கம் தேய்ந்து மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு, ஒரு மனிதர் குளிர்காலம் முழுக்க அதன் மேல் நின்று போன தடம்.

எலும்பின் மேல் நின்று எப்படி ஓட முடியும்?

ஓடவில்லை, தள்ளினார்கள். ஸ்கேட்டிங் வரலாற்றில் இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எலும்புக்கு விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாதது ஐஸைப் பற்றாது; பக்கவாட்டில் உதைத்தால் கால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டு காலையும் நேராக வைத்து, கையில் ஒரு கோலைப் பிடித்து, கால்களுக்கு நடுவே அதை ஐஸில் ஊன்றித் தள்ளினார்கள். நம் ஊர்ப் பரிசல்காரர் கோல் ஊன்றிப் பரிசலைத் தள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் இதை நேரில் பார்த்து ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வில்லியம் ஃபிட்ஸ்ஸ்டீபன் என்ற பாதிரியார், 1170-களில். நகரத்தின் வடக்கு மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் உறைந்ததும் இளைஞர்கள் விலங்குகளின் கால் எலும்பைப் பாதத்தில் கட்டி, இரும்பு முனை வைத்த கோலால் தள்ளிக்கொண்டு பறவை மாதிரி பறந்தார்களாம். அப்புறம் இரண்டு பேர் எதிரெதிரே வேகமாக வந்து கோலால் மோதிக்கொள்வார்கள். கை உடையும், கால் உடையும். இருந்தும் விடமாட்டார்கள் என்கிறார்.

விளையாட்டுக்காகத்தான் கண்டுபிடித்தார்களா?

தேவைக்காக என்றுதான் நான் நம்புகிறேன். ஃபெதெரிகோ ஃபொர்மென்டி, அல்பெர்தோ மினெட்டி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலும்பு ஸ்கேட்டைப் போலவே செய்து, ஆட்களுக்குக் கட்டிவிட்டு, அவர்கள் செலவழிக்கும் சக்தியை அளந்தார்கள். தெற்கு பின்லாந்தைப் போல ஏரி மேல் ஏரியாகக் கிடக்கும் நிலத்தில், ஏரியைச் சுற்றி நடப்பதைவிட உறைந்த ஏரியைக் குறுக்கே கடந்தால் சுமார் 10 சதவீதம் சக்தி மிச்சம் என்று கணக்கு வந்தது. பசியும் குளிரும் சேர்ந்து வாட்டும் மாதங்களில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் என்பது பெரிய விஷயம். அதே இருவர் இன்னொன்றையும் சொன்னார்கள்: எலும்பு ஸ்கேட்டுக்குத் தேவைப்பட்ட சக்தியில் நாலில் ஒரு பங்குதான் இன்றைய ஸ்கேட்டுக்குத் தேவை.

கோல் எப்போது கையை விட்டுப் போனது?

இரும்பு பிளேடு வந்தபோது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில், இன்றைய நெதர்லாந்துப் பகுதியில். பாதத்துக்கு மரக்கட்டை, அதற்கு அடியில் இரும்புப் பட்டை, மேலே தோல் வார். பட்டைக்கு விளிம்பு உண்டு என்பதால், காலைச் சற்றே சாய்த்துப் பக்கவாட்டில் உதைத்தால் ஐஸ் பிடி கொடுக்கும், உடம்பு முன்னே போகும். ஒரு காலில் வழுக்கிப் போய், எடையை மாற்றி அடுத்த காலில் வழுக்குவது. இன்று நாம் ஸ்கேட்டிங் என்று சொல்வது இதைத்தான். இரண்டு கையும் சும்மாவாகிவிட்டன. சாமான் தூக்கலாம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் போகலாம்.

இதற்கு ஒரு படமே சாட்சி. ஸ்கீடாம் என்ற ஊரில் லிட்வினா என்று ஒரு பெண். 1395-இல், 15 வயதில், ஐஸில் விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டாள். அதோடு படுத்த படுக்கை. 1433-இல் இறக்கும்வரை முழுதாக எழவே இல்லை. பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபை அவளைப் புனிதையாக அறிவித்தது. ஸ்கேட்டிங் செய்பவர்களுக்கு அவள்தான் பாதுகாவலர். 1498-இல் அச்சான அவளுடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு மரச்செதுக்குப் படம் இருக்கிறது. முன்னால் லிட்வினா விழுந்து கிடக்கிறாள், தோழியர் தூக்குகிறார்கள். பின்னால் ஓர் ஆள் ஒற்றைக் காலில் சறுக்கிப் போகிறான், மற்றக் கால் பின்னே தூக்கியிருக்கிறது. கையில் கோல் இல்லை. என் கண் எப்போதும் அந்த ஆளிடம்தான் போய் நிற்கும். இரும்பு விளிம்பு இருந்தால்தான் அப்படி நிற்க முடியும்.

ஏன் நெதர்லாந்து?

தண்ணீர்தான் நெதர்லாந்து மக்களான டச்சுக்காரர்களுடைய ரோடு. ஊருக்கு ஊர் கால்வாய், அதில் படகு. குளிர்காலத்தில் கால்வாய் உறைந்தால் படகு நின்றுவிடும், ஆனால் ரோடு அங்கேயேதான் இருக்கிறது. ஸ்கேட்டைக் கட்டினால் படகைவிட வேகமாகப் போய்ச் சேரலாம். வியாபாரி சரக்கோடு போனார், குடியானவர் சந்தைக்குப் போனார், சொந்தபந்தம் பார்க்கப் போனார்கள். அந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் குளிரும் இன்றைவிடக் கடுமை.

காம்பன் ஊர் ஓவியர் ஹென்ட்ரிக் அவெர்காம்ப் இந்த வாழ்க்கையைத்தான் வாழ்நாளெல்லாம் வரைந்தார். 1585-இல் பிறந்தவர், பேச முடியாதவர். காம்பனின் ஊமை என்றே அவரை அழைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் அவருடைய ஓவியம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பட்டுச் சட்டைக்காரரும் கந்தல்காரரும் ஒரே ஐஸ் மேல். ஒருவர் குப்புற விழுகிறார். சிலர் மட்டையால் பந்து அடிக்கிறார்கள். ஒரு பழைய கதவைக் குச்சியில் முட்டுக்கொடுத்து நிறுத்திக் குருவிக்குக் கண்ணி வைத்திருக்கிறார்கள். ஓர் ஓரத்தில் செத்த குதிரையை நாயும் காக்கையும் தின்கின்றன. குளிர் என்பது அழகு மட்டும் இல்லை, சாவும்தான் என்று அறிந்து வரைந்த கை அது.

ஸ்கேட் கட்டிக்கொண்டு போர் நடந்ததாமே, உண்மையா?

உண்மை. ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக டச்சுக்காரர்கள் கிளர்ந்த காலம். 1572 குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே அவர்களுடைய கப்பல்கள் ஐஸில் சிக்கிக்கொண்டன. சுலபமாகப் பிடித்துவிடலாம் என்று ஸ்பானியப் படை நடந்து வந்தது. டச்சுத் துப்பாக்கி வீரர்கள் ஸ்கேட்டில் சறுக்கி வந்து சுட்டுவிட்டு, சறுக்கியே விலகினார்கள். வழுக்கி விழுந்துகொண்டிருந்த காலாட்படையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைப் பார்த்த ஸ்பானியத் தளபதி ஆல்பா கோமகன், தன் படைக்கு 7000 ஜோடி ஸ்கேட் செய்யச் சொன்னார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

‘ஸ்கேட்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

டச்சு மொழியில் ‘ஸ்காட்ஸ்’ என்பது ஒருமை. கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலியைப் பன்மை விகுதி என்று ஆங்கிலேயர் நினைத்துக்கொண்டு, அதை வெட்டி ‘ஸ்கேட்’ என்று ஒருமை செய்துகொண்டார்கள். சொல்லும் பொருளும் 17-ஆம் நூற்றாண்டில் ஒன்றாகத்தான் கடல் தாண்டின. நாட்டை விட்டு ஓடி டச்சு மண்ணில் தங்கியிருந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸும் அவருடைய ஆட்களும் 1660-இல் ஊர் திரும்பிய பிறகு லண்டனில் இது பிரபலமானது. லண்டன் அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், 1662 டிசம்பர் 1 அன்று வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்கேட்டில் போகிறவர்களைப் பார்த்ததாகவும், அது மிக அழகான கலை என்றும் எழுதினார்.

ஸ்காட்லாந்தில், 18-ஆம் நூற்றாண்டின் எடின்பரோ ஸ்கேட்டிங் கிளப்பில் சேரப் பரீட்சையே இருந்தது. ஒவ்வொரு காலிலும் ஒரு முழு வட்டம் போட வேண்டும். அப்புறம் ஒரு தொப்பியைத் தாண்ட வேண்டும், பிறகு இரண்டு, பிறகு மூன்று.

ஐஸ் ஏன் வழுக்குகிறது? பிளேடின் அழுத்தத்தால் உருகுவதாகப் பள்ளியில் படித்தோமே?

நானும் அப்படித்தான் படித்தேன். அழுத்தினால் ஐஸ் உருகும் வெப்பநிலை குறைவது உண்மைதான். ஆனால் ஒரு ஆளின் எடையால் அது மிகக் கொஞ்சமே குறையும். பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரியில் ஸ்கேட்டிங் நன்றாகவே நடக்கிறதே, அதற்கு இந்த விளக்கம் போதாது. தட்டையான செருப்போடு நடந்தாலும் வழுக்குகிறது. அங்கே பெரிய அழுத்தமே கிடையாது.

1850-இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே வேறு மாதிரி யோசித்தார். இரண்டு ஐஸ் கட்டிகளை ஒட்டி வைத்தால் ஒன்றாக உறைந்துவிடுகின்றன. அப்படியானால் ஐஸின் மேற்பரப்பில் எப்போதுமே திரவம் போன்ற மெல்லிய ஏடு இருக்க வேண்டும் என்றார். அவர் நினைத்தது சரி. மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்கு மேலிருந்து பிடிப்பு இல்லை, அதனால் அவை உள்ளே இருப்பவை போல இறுக்கமாக அடுக்கப்பட்டு நிற்பதில்லை. அதோடு பிளேடு உராயும் சூடும் சேர்கிறது. ரொம்பக் குளிர்ந்துவிட்டால் ஐஸ் வழுக்காது. துருவப் பகுதியில் பயணம் போனவர்கள், கடுங்குளிரில் சறுக்குவண்டி மணலில் இழுப்பது போல நகர மறுத்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

பிளேடு கத்தி மாதிரி கூராக இருக்குமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிளேடைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், வாய்க்கால் மாதிரி. பள்ளத்தின் இரண்டு கரைகள்தான் விளிம்புகள்: உள்விளிம்பு, வெளிவிளிம்பு. காலை எந்தப் பக்கம் சாய்க்கிறீர்களோ அந்த விளிம்பு ஐஸைக் கடிக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் பிடி அதிகம், வேகம் குறைவு.

என் ஸ்கேட்டைத் தீட்டித் தரும் பெரியவர், சக்கரத்தில் பொறி பறக்க நாலைந்து இழுப்பு இழுப்பார். பிறகு துடைத்து, இரண்டு விளிம்புகளின் மேலும் குறுக்காக ஒரு நாணயத்தை வைத்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு உயரம் என்று அர்த்தம்; மறுபடியும் சக்கரம். கடைசியில் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் லேசாக இழுப்பார். நகத்தூள் வெள்ளையாகச் சுரண்டி வந்தால்தான் திருப்தி. ஒரு முறை தீட்டாமலே இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, திருப்பத்தில் கால் அப்படியே பக்கவாட்டில் போய் விழுந்தேன். விளிம்பு இல்லாத எலும்பில் அந்தக் காலத்து ஆள் எப்படி நின்றிருப்பார் என்று அப்போது இடுப்புக்குப் புரிந்தது.

காலணியோடு சேர்ந்த ஸ்கேட் எப்போது வந்தது?

நூற்றாண்டுக் கணக்கில் வார்தான். வார் இறுக்கினால் கால் மரத்துப்போகும், தளர்த்தினால் பிளேடு கழன்றுவிடும். 1850 வாக்கில் பிலடெல்பியாவில் புஷ்னல் என்பவர் முழுக்க எஃகில், காலணியைக் கவ்விப் பிடிக்கும் ஸ்கேட் செய்தார். 1860-களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜான் ஃபோர்ப்ஸ், ஒரு நெம்புகோலைத் தட்டினாலே மாட்டிக்கொள்ளும் ஸ்கேட்டைக் கொண்டுவந்தார்.

ஆனால் ஸ்கேட்டிங்கை ஆட்டக்கலை ஆக்கியவர் நியூயார்க்காரர் ஜாக்சன் ஹெய்ன்ஸ். நடனம் தெரிந்தவர். பிளேடைக் காலணியிலேயே நிரந்தரமாகத் திருகிவிட்டார். பிளேடு ஆடாது என்ற தைரியம் வந்ததும் குதித்தார், உட்கார்ந்தபடியே சுழன்றார். அமெரிக்காவில் அப்போது ஸ்கேட்டிங் என்றால் விறைப்பாக நின்று ஐஸில் கோலம் போடுவது. இவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஐரோப்பாவுக்குப் போனார். 1868-இல் வியன்னா, வால்ட்ஸ் என்ற நடன இசைக்கு அவர் ஆடியதைப் பார்த்துச் சொக்கிப்போனது. 1875-இல் பின்லாந்தின் கொக்கோலாவில் இறந்தார், கல்லறையும் அங்கேதான். சொந்த நாடு அவருடைய பாணியை ஏற்றுக்கொண்டபோது அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான்.

குளிர் இல்லாத இடத்தில் ஐஸ் தளம் எப்படி வந்தது?

முதலில் போலி ஐஸ். 1840-களில் லண்டனில் பன்றிக்கொழுப்பையும் உப்புகளையும் கலந்து தளம் போட்டார்கள். நாற்றம் தாங்காமல் சீக்கிரமே மூடிவிட்டார்கள். உண்மையான ஐஸை இயந்திரத்தால் உறைய வைத்தவர் ஜான் கேம்ஜி, ஒரு கால்நடை மருத்துவர். தூர தேசத்திலிருந்து வரும் இறைச்சி கெடாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்தவர், 1876 ஜனவரி 7 அன்று லண்டன் செல்சியில் ‘கிளேசியேரியம்’ திறந்தார். தளத்துக்கு அடியில் செப்புக் குழாய்கள், அவற்றுக்குள் குளிர்விக்கப்பட்ட கிளிசரின் கலவை, மேலே தண்ணீர். இன்றும் அடிப்படை அதேதான்.

ஐஸைச் சமன் செய்யும் பெரிய வண்டி 1949-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் பாரமவுண்ட் ஊரில் ரிங்க் நடத்திய ஃபிராங்க் சாம்போனி செய்தது. அதற்கு முன் சுரண்டி, அள்ளி, தண்ணீர் தெளித்து உறைய வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டி பத்து நிமிடத்தில் முடித்தது.

பெண்கள் எப்போது போட்டிக்கு வந்தார்கள்?

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1892-இல் தொடங்கியது. பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. 1902-இல் இங்கிலாந்தின் மேட்ஜ் சையர்ஸ் உலகப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஆண்களோடு மோதி இரண்டாம் இடம் பிடித்தார். முதல் இடம் ஸ்வீடனின் உல்ரிக் சால்கோவ்; ‘சால்கோவ்’ என்ற குதிப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது. உடனே சங்கம் பெண்களுக்குத் தடை போட்டது. நீளப் பாவாடை பாதத்தை மறைப்பதால் நடுவர்களுக்குத் தெரியவில்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பாவாடையைக் குட்டையாக்கச் சொல்லியிருக்கலாம்! 1906-இல் பெண்களுக்குத் தனிப் போட்டி வந்தது, சையர்ஸ் வென்றார். 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்குத்தான்.

இந்தியாவில் எங்காவது உண்டா?

சிம்லாவில் 1920 முதல் ஒரு திறந்தவெளி ரிங்க் இருக்கிறது. இயந்திரம் இல்லாமல், இரவுக் குளிரில் தண்ணீர் தானாக உறைவதை நம்பி நடந்து வந்தது. லடாக்கில் உறைந்த குளங்களில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள்.

‘கிளாப் ஸ்கேட்’ என்றால் என்ன?

வேக ஸ்கேட்டிங்கில் பிளேடு நீளமானது. உதைக்கும்போது குதிகால் உயர்ந்தால் பிளேடின் நுனி ஐஸில் குத்தி வேகத்தைக் கெடுக்கும். அதனால் கணுக்காலை மடக்காமல் உதைக்கப் பழகியிருந்தார்கள். அதாவது காலின் கடைசி உந்துதல் வீணாகிக்கொண்டே இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் கெரிட் யான் வான் இங்கென் ஸ்கெனாவ் இதை 1980-களில் ஆராய்ந்து, முன்பாதத்துக்கு அடியில் ஒரு கீல் வைத்தார். குதிகால் உயரும், பிளேடு முழு நீளமும் ஐஸிலேயே இருக்கும், உதைப்பு முடிந்ததும் ஸ்பிரிங் இழுத்து ‘டக்’ என்று மூடும். அந்தச் சத்தம்தான் பெயர்.

பெரிய வீரர்கள் பல வருஷம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இளையோர் முயன்று பார்த்தார்கள், பிறகு 1996-97-இல் டச்சுப் பெண்கள் அணிந்து ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில் கீல் இல்லாமல் ஜெயிப்பது கனவாகிவிட்டது. சாதனைகள் வரிசையாக உடைந்தன. அதைப் பார்த்த அதே 1998-இல் வான் இங்கென் ஸ்கெனாவ் காலமானார்.

பதினொரு நகர ஓட்டம் இன்னும் நடக்கிறதா?

எல்ஃப்ஸ்டேடன்டோக்ட் என்பது அதன் பெயர். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் பதினொரு ஊர்களை இணைக்கும் கால்வாய்களில், ஒரே நாளில், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழி நெடுக ஐஸ் 15 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் நடத்துவார்கள். 1909-இல் தொடங்கி இதுவரை 15 முறைதான் நடந்திருக்கிறது. ஐஸ் மெலிந்த இடங்களில் கரையேறி, விரித்த கம்பளத்தின் மேல் ஸ்கேட்டோடு நடப்பார்கள். அதற்கென்றே ‘க்ளூனென்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

1963 ஜனவரி 18 அன்று கடுங்குளிர், முகத்தில் அறையும் காற்று, ஐஸை மூடிய பனி. போட்டியாளர்களைத் தவிர்த்துப் பொதுமக்கள் 9294 பேர் கிளம்பினார்கள். அவர்களில் முடித்தவர்கள் 69 பேர். போட்டியில் வென்ற ரைனியர் பாப்பிங்குக்கு 10 மணி 59 நிமிடம் பிடித்தது. 1986-இல் இன்றைய மன்னர் வில்லெம் அலெக்சாண்டர், அப்போது இளவரசர், வேறு பெயரில் பதிவு செய்து ஓடி முடித்தார்.

கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4. வென்றவர் ஹென்க் ஆங்கெனென்ட், கோஸ் வகைக் காய்கறி பயிரிடும் விவசாயி. 2012-இல் நாடே தயாரானது. தெற்கே ஐஸ் போதவில்லை என்று கைவிட்டார்கள். ஆனாலும் டச்சுக்காரர்கள் ஓடாமல் இல்லை. 1989 முதல் ஜனவரி வந்தால் காரில் ஸ்கேட்டை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரியாவின் வைசென்ஸே மலை ஏரிக்குப் போகிறார்கள். அங்கே ஒரே ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்து அதே 200 கிலோமீட்டரை முடிக்கிறார்கள்.